மறைக்கப்பட்டவர் பட்டியலில் ஒரே ஒரு பெயர்

உன் கைபேசி சார்ஜ் ஏறும்போது சூடாகிறதே என்று இன்று அதன் பின்னுறையைக் கழற்றினேன். குப்பென்று குங்கும வாசனை அடித்தது. மேல்மலையனூர் கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து உறைக்குள் செருகி வைத்திருக்கிறாய். காகிதம் கிழிந்து உள்பக்கம் முழுக்கச் சிவந்து கிடக்கிறது. துடைக்க மனம் வரவில்லை, அப்படியே மூடிவிட்டேன்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் திண்டிவனத்துக்கு வந்து, அப்பாவின் அரிசிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இதை ஒரு மஞ்சள்பையில் போட்டுக் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் எடுத்த போட்டோல்லாம் இதுலதான் இருக்குது தங்கச்சி. எனக்குப் பாக்கப் பாக்க மனசு என்னமோ பண்ணுது. நீயே வெச்சிக்கம்மா" என்றார். உட்காருங்கண்ணே என்றேன். உட்காரவில்லை.

பூட்டைத் திறப்பது எனக்குப் பெரிய காரியமா? காலேஜ் காலத்திலிருந்து நீ மாற்றாமல் திரையில் இழுத்த அதே கோடுதானே. படங்களைப் பார்த்தேன். தினமும் விழுப்புரத்துக்குப் போன பாசஞ்சர் ரயிலில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாம் பல்லிளிக்கும் படங்கள். அதோடு மூடி வைத்திருக்க வேண்டும். என் புத்தி சும்மா இருக்குமா? நான் நேரலையில் பேசும் என் சேனல் இதில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் திறந்தேன். செத்துப்போனவளின் கைபேசியிலும் என்னைத்தான் தேடியிருக்கிறேன், பார். நீ உள்ளே நுழைந்திருந்த கணக்கின் பெயர் மூலையில் இருந்தது. 'மல்லாட்டை'.

அடிப்பாவி! நீயா அது?

நான் செய்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது.

ஆரம்பித்து வைத்தது நீதான். நேரலையில் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. "எம் பொண்ணு மூஞ்சிய எவன் எவனோ பாக்குறதா? நடக்காது" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் அழுதுகொண்டு உன்னிடம் வந்தபோது, "மூஞ்சிதான காட்டக் கூடாது? ஒரு பொம்மைய முன்னாடி நிக்க வெச்சிப் பேசுடி. உன் வாய்தான் உனக்கு மொதலு" என்றாய். இணையத்தில் கிடைத்த ஒரு கார்ட்டூன் பொம்மையை எடுத்து, நிறம் மாற்றி, தோளில் சின்னச் சிறகு வைத்து, 'சிட்டு' என்று பெயர் வைத்தோம். கேமரா என் முகத்தைப் பார்க்கும். நான் தலையாட்டினால் சிட்டு ஆட்டும், நான் வாய் திறந்தால் அவள் திறப்பாள். ஒன்று மட்டும் கோணலாக இருந்தது. நான் கண்ணை மூடினால் அவளுடைய கண்கள் வளைந்து, சிரிப்பது போல ஆகிவிடும். "தூங்கினாக்கூட சிரிப்பா போல இருக்குதே, குடுத்து வெச்சவ" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதைச் சரிசெய்ய நான் மெனக்கெடவில்லை.

பிறகு உனக்குக் கல்யாணமாகி மேல்மலையனூர்ப் பக்கம் போய்விட்டாய். நான் கடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் தனியாகத் தொடங்கினேன். அம்மாவிடம் ஆன்லைன் ட்யூஷன் என்று பொய். சத்தம் அடங்கச் சுவரோரம் மெத்தை, கைபேசியை நிமிர்த்தி வைக்க ஒரு எவர்சில்வர் டப்பா. இரைச்சல் மைக்கில் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பேன், திரையில் சிட்டு மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள்.

முதல் வாரம் நீ உன் சொந்தப் பெயரில் வந்து, "சூப்பர்டி என் தங்கம்" என்று எழுதினாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரலை முடிந்ததும் உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். இந்தத் தொழிலில் பொம்மைக்குப் பின்னால் இருப்பது யார், எந்த ஊர் என்று ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது, உன் பெயரைப் பிடித்து யாராவது என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள், இனி வராதே என்றேன். நீ, "சரி வுடு. எங்கூட்டாண்ட டவரே கெடைக்கிறதில்ல. எங்க பாக்குறது?" என்றாய். நான் அதை அப்படியே நம்பினேன்.

அடுத்த நாளிலிருந்து 'மல்லாட்டை' வந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் 'ஒன்று' என்றிருக்கும். அந்த ஒன்று நீதான் என்று எனக்குத் தெரியாது. காலையெல்லாம் துண்டு வீடியோ வெட்டிப் போடுவேன், மற்றவர்களின் நேரலைக்குப் போய் வலியப் பேசி, என் பக்கம் வாங்க வாங்க என்று கூவுவேன். யாரும் எட்டிப் பார்க்காத நாட்களிலும் அந்த ஒன்று இருக்கும். உனக்கு நான் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? ஒருவர்தானா என்று சலித்துக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் இருபது, முப்பது பேர் சேர்ந்தார்கள். சென்னைக்காரி என்று சொல்லிக்கொண்டேன். பேச்சையும் மாற்றினேன். நுனி நாக்கில் ஆங்கிலம், வாய்க்கு வாய் 'கைஸ்'. அவித்த வேர்க்கடலை பிடிக்கும் என்று ஒருநாள் சொன்னபோது, "ஏன் வேர்க்கடலைன்ற? மல்லாட்டைன்னு சொல்லு. இன்னா வெக்கம்?" என்று உன் வரி வந்தது. எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு நாள், "பெருமுக்கல் மலையில செருப்பு அறுந்துபோயி, ஒத்தச் செருப்போட எறங்கின ஆளு யாராச்சும் இங்க இருக்கீங்களா?" என்று எழுதினாய்.

அது நானும் நீயும். காலேஜ் மூன்றாம் வருஷம், மலைமேல் என் செருப்பு இரண்டும் அறுந்ததும், உன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாய். ஆளுக்கொரு காலில் போட்டுக்கொண்டு, சுடுகல்லில் நொண்டி நொண்டி இறங்கினோம். வேறு யாராக இருந்தாலும் இதைப் படித்ததும் உன்னைத்தான் நினைத்திருப்பார்கள். நான் உன்னை நினைக்கவில்லை. அன்று நம்மோடு வந்த மற்ற நாலு பேரில் எவனோ என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் நிற்காது. நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய், நுணலும் தன் வாயால் கெடும் என்று.

"யாருப்பா இந்த மல்லாட்டை? எந்தப் பட்டிக்காட்டுல இருந்து வந்துக்கினு, போய்க்கினு, மல்லாட்டை துன்னுக்கினு..." என்று ஆரம்பித்தேன். மூக்கால் இழுத்து, ஒவ்வொரு 'கினு'வுக்கும் சிட்டுவின் தலையை ஒரு வெட்டு வெட்டி, ஒரு நிமிஷம் விடாமல் பேசினேன். அந்தப் பேச்சை நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. நம் வீட்டில், நம் தெருவில், ரயிலில் உன் வாயில் தினமும் கேட்டதுதான். பார்த்தவர்கள் சிரித்துத் தள்ளினார்கள். முடித்துவிட்டு உன் பெயரை மறைக்கப்பட்டவர் பட்டியலில் போட்டேன்.

அந்தப் பட்டியலில் விழுந்தவருக்கு விழுந்தது தெரியாது. அவர் எழுதுவது அவர் திரையில் மட்டும் தெரியும். எனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால்கூடப் புரிந்துகொண்டு போய்விடலாம். இது அப்படிப்பட்டதில்லை. உள்ளே உட்கார வைத்துவிட்டு, இருப்பதாகவே கண்டுகொள்ளாத வேலை.

அந்த ஒரு நிமிஷத்தை எவனோ வெட்டிப் பரப்பினான். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். நான் நான்கு மாதம் தொண்டை கிழியக் கத்தியும் வராத கூட்டம், உன்னைக் கேலி செய்ததும் வந்தது. அதன்பிறகு தினமும் "அந்த கினு குரல் போடுங்க" என்றார்கள். தினமும் போட்டேன். மகிழ்ச்சியாகவே போட்டேன், அதையும் மறைப்பதற்கில்லை.

அமாவாசைக்கு அம்மாவோடு மேல்மலையனூர் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மத்தியானக் கூட்டத்தில் எங்களைத் தேடிப் பிடித்து, அம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு, என்னை டீக்கடைக்கு இழுத்துப் போனாய்.

"யாரோ மல்லாட்டைன்னு ஒருத்தி வர்றாளாமே உன் ஷோவுக்கு?" என்றாய்.

"டவரே இல்லன்ன. உனக்கெப்பிடித் தெரியும்?"

"எங்கூட்டுக்காரரு போனுக்கு அந்த வீடியோ வந்துது."

"ஐயோ, அது ஒரு பேஜாருடி. தொல்லைய தொலச்சிக் கட்டிட்டேன்."

நீ டீயை ஊதிக்கொண்டே இருந்தாய். "இன்னா தப்பாச் சொல்லிட்டா, பாவம்?"

"பாவமா? பட்டிக்காடு. வாயத் தொறந்தா கினு கினுன்னு..."

"நானும் அப்பிடித்தான பேசிக்கினு இருக்கேன்."

"நீ வேற, அது வேறடி" என்றேன்.

நீ சிரித்தாய். செஞ்சி பஸ் வந்துவிட்டது, அம்மா கூப்பிட்டாள், நான் பாதி டீயை வைத்துவிட்டு ஓடினேன். "ஜல்தி போ, சீட்டு போயிடும்" என்று என்னை முதுகில் தட்டி அனுப்பினாய். உன்னை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

இப்போது எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? "நான்தான்டி அது" என்று அந்த டீக்கடையில் சொல்லியிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேனே. சண்டை போட்டிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். என்னை வெட்கப்பட விடக் கூடாது என்று நினைத்தாயோ என்னவோ. அந்தத் தயவு எனக்கு வேண்டாம். இப்போது யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பது?

நீ எழுதியதெல்லாம் உன் கைபேசியில் வரிசையாக இருக்கிறது. எல்லாவற்றையும் படித்தேன். நான் கேலி செய்த அன்று, "நல்லாதான் பண்ற. நான் பேசுற மாதிரியே இருக்குது" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகும் ஏழு மாதம், ஒருநாள் விடாமல். "தொண்டை கட்டியிருக்குது, சுடுதண்ணி குடி." "இன்னிக்கு மொகம் வாடிக் கெடக்குது, இன்னா ஆச்சி?" பொம்மையின் முகத்தில் என் வாட்டத்தைக் கண்டுபிடித்தவள் நீ ஒருத்திதான். நடுவில் ஒருமுறை, "ஒரு வார்த்த பதில் சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்று கேட்டிருக்கிறாய். நான் பார்த்தும் பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்றுதானே நினைத்திருப்பாய்.

கடைசி வரி ஆஸ்பத்திரியிலிருந்து. காய்ச்சல் வந்து மூன்றாவது நாள். என் சேனலில் லட்சம் பேர் சேர்ந்ததற்குக் கொண்டாட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் கேட்டார்கள் என்று அரை மணி நேரம் அந்தக் குரலிலேயே பேசினேன். "ஒடம்பு முடியல. ஆனா பாத்துக்கினுதான் இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். மறுநாள் மத்தியானம் உன் வீட்டிலிருந்து போன் வந்தது.

கைபேசி கிடைத்த அன்றே உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அதில் இருந்த ஒரே பெயர் உன்னுடையதுதான். எடுத்து என்ன பிரயோஜனம்? சாயங்காலம் சிட்டுவைத் திரையில் நிற்க வைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் நம் பேச்சிலேயே ஆரம்பித்தேன். "எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருந்தா. மல்லாட்டைன்னு பேரு வெச்சிக்கினு தெனமும் இங்க வந்துக்கினு இருந்தா. நான்தான் அவள அசிங்கப்படுத்தினேன். அவ செத்துப் போயிட்டா" என்றேன்.

பார்த்தவர்கள் அனுப்பிய சிரிப்பு முகங்கள் வந்து கொட்டின. "வந்துட்டாங்க நம்ம கினு அக்கா" என்றான் ஒருவன். "செம, இன்னும் இழுங்க" என்றான் இன்னொருவன். இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன் என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அதிகமாகச் சிரித்தார்கள். தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். திறந்து பார்த்தபோது, "அழுவுற குரல்ல பேசிக்கினே மூஞ்சி சிரிக்குது பாரு, கில்லாடி" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் துண்டும் பரவியது, முதலாவதைவிட அதிகமாக. நான் சிட்டுவை அதற்குப் பிறகு திரைக்குக் கொண்டுவரவில்லை. சேனல் மட்டும் ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்கும் அக்காவிடம் போனேன். உனக்காக ஒரு படி வாங்க வேண்டும் போலிருந்தது. "மல்லாட்டை குடுக்கா" என்றேன். மூக்கால் இழுத்துக்கொண்டு வந்தது. தலைகூட அந்த வெட்டு வெட்டியது. அந்த அக்கா படியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, நக்கலா? நாங்க பேசுறது உனக்கு அப்பிடியா இருக்குது?" என்றாள். "இல்லக்கா, நானும் இந்த ஊருதான்" என்றேன். அதுவும் அதே இழுப்பில் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துத் தள்ளுவண்டியில் வாயைத் திறக்காமல் விரலால் காட்டி வாங்கினேன்.

உன்னிடம் நான் ஒருநாளும் இப்படிப் புத்தகத் தமிழில் பேசியதில்லை. இந்த மடலை முதலில் நம் பேச்சில்தான் எழுத உட்கார்ந்தேன். "ஏன்டி, எப்பிடி இருக்க" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கேலி மாதிரி இருந்தது, எழுதியதை அடித்துவிட்டேன்.