வியாழக்கிழமை வண்டிக்கு முன் ஒரு பால் கவர்

அனுப்புநர்:
சை. தஹ்சீன்,
ராயப்பேட்டை, சென்னை – 600 014.

பெறுநர்:
வனச்சரக அலுவலர் அவர்கள்,
வெள்ளிமுடி வனச்சரகம்.

பொருள்: அருவிச் சோதனைச் சாவடியில் பெற்ற பிளாஸ்டிக் பொருட்களோடு என் மகளின் காது கேட்கும் கருவியும் போய்விட்டது – மூட்டைகளை அரவைக்கு அனுப்பாமல் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ராயப்பேட்டையில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். கடந்த ஞாயிறன்று கணவர் சைஃப், ஏழு வயது மகள் ஜுவேரியாவுடன் தங்கள் அருவிக்கு வந்தேன். கருவி இல்லாமல் மகளுக்குக் காது கேட்காது. வேனிலிருந்து இறங்கும்போதே தூறல். கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, கழுவிக் காயவைத்த பால் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். வெள்ளத்தில் ரேஷன் கார்டைப் பறிகொடுத்ததிலிருந்து, நனையக் கூடாத எதுவும் எங்கள் வீட்டில் பால் கவருக்குள்தான்.

2. பிளாஸ்டிக் கூடாது என்ற விதியின் மீது எனக்குப் புகார் இல்லை. என் கணவர் சட்டத்துக்கு அளவுக்கு மீறிப் பயந்தவர். நான் கழிப்பறை வரிசையில் நின்ற நேரத்தில், பிரட் கவரும் பிஸ்கட் பாக்கெட்டும் இருந்த பையை அப்படியே ஊழியரிடம் நீட்டிவிட்டார். பால் கவரும் அதில்தான் இருந்தது. குளித்துத் தலை துவட்டியதும் மகள் காதைத் தொட்டுக் காட்டினாள். பை எங்கே என்றேன். "எல்லாத்தையும் குட்த்துட்டேன், இனிமே ஒருத்தன் ஃபைன் கேக்க மாட்டான்" என்று பெருமை வேறு. அவரிடம் வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

3. சாவடிக்கு ஓடி வந்தபோது மூட்டைகளை ஏற்றிப் போயிருந்தார்கள். நேற்றும் இன்றுமாகப் பதினோரு முறை போன் செய்தேன். சாவடியில் கேட்டால் அலுவலகம் என்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டால் சாவடி என்கிறார்கள். ஒருவர் மட்டும், மூட்டைகள் கொட்டகையில் இருப்பதாகவும் வியாழனன்று அவற்றைப் பிளாஸ்டிக் அரைக்கும் ஆலைக்கு ஏற்றிப்போக வண்டி வரும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரு ரவிக்கையின் ஒரே கையை இரண்டு முறை மாற்றித் தைத்துப் பிரித்தேன்.

4. அரசு மருத்துவமனைக்கு இரண்டாண்டு நடந்து பெற்ற கருவி அது. அதை மாட்டிய பிறகுதான் அவள் பேசக் கற்றாள். இந்த மூன்று நாளில் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

ஆகவே வண்டி வருமுன் மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க ஆணையிட வேண்டுகிறேன். அடையாளம்: நீலப் பால் கவர், சிவப்பு ரப்பர் பேண்ட். ஆள் இல்லையென்றால் நானும் கணவருமே வந்து பிரிக்கிறோம். நாற்றம் எங்களுக்குப் பெரிதில்லை.

கிடைத்தால் தபாலில் அனுப்ப வேண்டாம். மகளையும் அழைத்து வருகிறோம். கருவியை மாட்டிக்கொண்டு, குளிக்காமல், அருவியிலிருந்து தள்ளியே பத்து நிமிடம் நிற்க அவளுக்கு அனுமதி தாருங்கள். அவ்வளவு தண்ணீரும் சத்தமே இல்லாமல் விழுகிறது என்று பக்கத்து வீட்டு அமீனா பீயிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இடம்: சென்னை
நாள்: 16.9.2025, செவ்வாய்

தங்கள் அழைப்புக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
சை. தஹ்சீன்