இரும்பில்லாத வண்டி

அக்கா,

இன்று கணக்கு வகுப்பில் வட்டம் வரைய காம்பஸ் பெட்டியைத் திறந்தேன். விளக்கெண்ணெய் வாசம் வந்தது. பாகைமானிக்கு அடியில் நீ போட்டுவைத்த ஆணி கிடந்தது. என் நடுவிரல் நீளம், தட்டைத் தலை, மறுமுனையில் திருகு மரை. துணியால் பலமுறை துடைத்துவிட்டேன். மரையின் இடுக்கில் ஏறிய எண்ணெய் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சுவரும் ஒரு தேசப்படமும்தான் இருந்தன. என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். உனக்கென்றால் உண்மையைச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் உன்னைப் பார்ப்பதற்கு முன்பே உன் சத்தத்தைக் கேட்டுவிடுவோம். இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போன நீ, லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட நாலு பேரிங்கின் மேல் பலகை அடித்து, அதில் உட்கார்ந்து, இரண்டு கைக்கட்டைகளால் தரையை உந்திக்கொண்டு வருவாய். தெருமுனையில் கரகரவென்று சத்தம் கேட்டதுமே எங்கள் அம்மா, உங்க அக்கா வாரா என்று சொல்லி அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். பையன்கள், ரயில் வருது, கேட்டைச் சாத்துங்கலே என்று கத்துவார்கள். நீ நிற்கவே மாட்டாய். போகிற போக்கில், "டிக்கெட் எடுத்தியாலே?" என்று கேட்டுவிட்டுப் போவாய்.

நான் நம் பள்ளியில் உனக்கு மூன்று வகுப்புக் கீழே. அப்பா அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். பட்டாசு லேபிள்களின் கழிவுத் தாளெல்லாம் எங்கள் வீட்டில் புத்தக அட்டையாகும். நீ அந்த அட்டை வாங்கத்தான் முதலில் வந்தாய். பிறகு வண்டிதான் நம் படிப்பாகிவிட்டது.

அந்தப் பழைய வண்டி நேராகத்தான் ஓடும். திருப்ப வேண்டுமானால் நீ கையூன்றி எழும்பி முன்பக்கத்தைத் தூக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் முன் சக்கரங்களைக் கோத்த இருசை ஒரே ஆணியில் நிறுத்தி, மேலும் கீழும் ரப்பர் வைத்துப் பார்த்தோம். ஆசாரி துளையைக் கோணலாகப் போட்டுவிட்டார். ஆணி சாய்ந்து நின்றது. அடைத்துவிட்டு வேறு துளை போடுகிறேன் என்று அவர் தலையைச் சொறிந்தார். நீ அதற்குள் பலகையில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்தாய். சாய்ந்த பக்கமே வண்டி திரும்பியது. மறுபக்கம் சாய்ந்தாய், அந்தப் பக்கம் திரும்பியது. ஆசாரியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து நின்று, "அண்ணாச்சி, பின்னாடியும் இதே மாதிரி கோணலா ஒன்னு போட்டுக் குடுங்க" என்றாய்.

ரப்பர் அமைவதற்குத்தான் நாளாயிற்று. சைக்கிள் டியூபை அடுக்கி வைத்தால் மிகவும் மெத்து. ரயில் கேட்டுச் சரிவில் இறங்கும்போது வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறியது. லாரி டயரில் வெட்டிப் போட்டால் மிகவும் கெட்டி. நீ எவ்வளவு சாய்ந்தும் அது அசையவில்லை. கடைசியில் நர்ஸ் வேலை பார்க்கும் உன் அம்மா, ஆஸ்பத்திரியில் தூக்கிப்போடும் மருந்து பாட்டில்களின் ரப்பர் மூடிகளைக் கொண்டுவந்தார்கள். நடுவில் துளை போட்டதும் அதற்காகவே செய்ததுபோல உட்கார்ந்தன. ஆணியின் மரையை எவ்வளவு முறுக்குவது என்பதும் உன் கணக்குத்தான். சந்தைக்கூட்டம் என்றால் கொஞ்சம் தளர்த்துவாய், சரிவு என்றால் இறுக்குவாய்.

இருசின் அகலத்தை நான் அளந்தேன். அகலம் கூடினால் வண்டி கவிழாது. ஆனால் பள்ளியின் சின்ன கேட்டில் நுழையாது. நீ போகவேண்டிய வாசல்களையெல்லாம் என் அடிஸ்கேலால் அளந்துவந்தேன். ஒரு அடிஸ்கேலும் நாலு விரலும் என்று முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, விளக்கெண்ணெய் விடுவோம். மண்ணெண்ணெய் பட்ட கையால் ரப்பரைத் தொட்டால் அடிப்பாய். தொட்டால் ரப்பர் ஊதிப் பிதுங்கிவிடுமாம்.

இவ்வளவும் எதற்கு என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். நீ அடிக்கடி சொல்வது ஒன்றே ஒன்றுதான். "என்னைய யாரும் தூக்கக்கூடாது, புள்ள."

பதினோராம் வகுப்பு முடித்ததும் விஸ்வநத்தம் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது. பேக்கிங் கொட்டகையில் எண்ணிக்கை எழுதுகிற வேலை. பெரியம்மாவுக்கு, அதுதான் உன் அம்மாவுக்கு, மனமே இல்லை. உனக்கோ தூக்கமே இல்லை. கம்பெனி போர்மேன் வண்டியைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது. வேலைக்கு வரும் பெண்கள் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுத்தியல்கூட மரத்தில்தான். பேரிங் கல்லில் உரசினால் ஒரு பொறி போதும்.

"ஆளு வரலாம்மா, வண்டிதான் வரக்கூடாது" என்றார் அவர், வருத்தமாகத்தான். வாசலிலிருந்து ரெண்டு பொம்பளைங்க தூக்கிக்கொண்டு போவார்கள் என்றும் சொன்னார்.

நீ கைக்கட்டையால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாய். "இரும்பு இல்லாம வந்தா விடுவீகளா?"

அவர் சிரித்தார். விடுகிறேன் என்றார்.

அந்தக் கோடை முழுவதும் வண்டியிலிருந்து இரும்பை ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசல் பட்டறையில் கருவேலங்கட்டையில் நாலு சக்கரம் கடைந்தார்கள். அதைச் சுற்றி, ஓரக் கம்பியை உருவிய சைக்கிள் டயர். இருசுக்குப் பித்தளைக் கம்பி. எல்லாம் சரி, நடு ஆணிதான் சண்டித்தனம் செய்தது. பித்தளையில் போட்ட ஆணி, நீ முதல் திருப்பத்தில் சாய்ந்ததுமே வளைந்துவிட்டது. இன்னொன்று போட்டோம், அதுவும் வளைந்தது. பட்டறைக்காரர் அலுத்துப்போய்ச் சொன்னார்: "உள்ள ரப்பருக்குள்ள கெடக்குற ஆணிய யாரு பாக்கப்போறா? பேசாம பழைய இரும்பையே போட்டுக்கிடும்மா. கேட்டுல சோதனை போடுற பொம்பளைக்கா தெரியப்போவுது?"

"அவுகளுக்குத் தெரியாது அண்ணாச்சி. மருந்துக்குத் தெரியும்ல" என்றாய் நீ.

பின் ஆணி மரை தேய்ந்திருந்ததால் கழிவில் போயிற்று, இந்த முன் ஆணியை அன்றைக்குத்தான் என் பெட்டியில் போட்டாய். "இத நீயே வச்சுக்கோ. எங்கையில இருந்தா அவசரத்துக்கு என்னைக்காவது மாட்டிருவேன்." அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பயந்தேன்.

உங்கள் சர்ச்சில் உடைந்து கிடந்த தொங்குவிளக்கின் பித்தளைத் தண்டை, மணியடிக்கிற கோவில்பிள்ளையிடம் கேட்டு வாங்கிவந்தது உன் யோசனை. கட்டை விரல் பருமன். அதை இரண்டாக வெட்டி மரை போட்டு, துளைகளைப் பெரிதாக்கி மாட்டினோம். சாய்ந்தாய், வளையாமல் நின்றது. பள்ளி திறந்ததும் நான் அங்கிருந்து லாட காந்தத்தை இரவல் வாங்கிவந்து வண்டி முழுக்க ஓட்டிப் பார்த்தேன். சக்கரத்தில் டயரைப் பிடித்திருந்த சின்ன ஆணிகளில் அது போய் ஒட்டியது. இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அத்தனையும் பிடுங்கிவிட்டுச் செம்புக்கம்பியால் கட்டினோம். மறுபடி ஓட்டினேன். காந்தம் எங்கேயும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் நீ எங்கள் வாசலுக்கு வந்தது யாருக்கும் தெரியவில்லை. அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, ஏ புள்ள, பூனை மாதிரி வாரியே என்றாள். கட்டைச் சக்கரத்துக்குச் சத்தமே இல்லை. எனக்கும் பழகவில்லை. நடந்துகொண்டிருப்பேன். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். குனிந்தால் நீ.

வைகாசியிலிருந்து ஆவணி வரை நீ வேலைக்குப் போனாய். யாரும் உன்னைத் தூக்கவில்லை.

அன்று மத்தியானம் வகுப்பில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. இந்த ஊரில் அந்த அதிர்வுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. எழுந்து நின்று, எந்தப் பக்கம் புகை என்று பார்ப்போம். பார்த்தோம். எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அன்றைக்கு உன்னை நாலு பேர் தூக்கிவந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

குழாயடியில் அந்தப் பேச்சு முதலில் என் காதில் விழுந்தபோது குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்த நொண்டிப் புள்ள வண்டிச்சக்கரம் உரசித்தான் பத்திக்கிச்சாம் என்றார்கள். சக்கரம் கட்டை என்று நான் சொன்னேன். அப்படியென்றால் உள்ளே இருக்கிற ஆணி என்றாள் ஒருத்தி. ஆணி பித்தளை என்றேன். சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்று குடத்தை நகர்த்திவிட்டார்கள். நாம் செய்த சோதனைக்கு இரண்டு பேர்தான் சாட்சி. அதில் ஒருத்தி நீ.

கம்பெனியிலிருந்து பெரியம்மாவுக்கு ஒரு துணி மூட்டை வந்திருந்தது. உன் தூக்குச்சட்டியும், வண்டியில் எரியாமல் மிஞ்சிய உலோகமும். எல்லாம் கரி பிடித்துக் கறுப்பாக இருந்ததாம். இரும்பா பித்தளையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெரியம்மா அதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு, முடிச்சுப் போட்டு அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள்.

காந்தத்தை மறுபடி இரவல் வாங்கினேன். பைக்குள் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். உள்ளே போகவில்லை. பழைய ஆணி என் பெட்டியில் இருக்கிறது, ஆகவே அது வண்டியில் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் உலகத்தில் இரும்பு ஆணி ஒன்றுதானா? என்றைக்காவது விளக்குத்தண்டும் வளைந்து, வேலைக்கு நேரமாகி, நீ பட்டறையில் வேறொன்று வாங்கி மாட்டியிருந்தால்? கண்ணை மூடினால், கறுப்பாக ஒரு ஆணி காந்தத்தில் வந்து ஒட்டுகிற சத்தம் கேட்டது.

உனக்காக உங்கள் வீட்டில் ஜெபம் வைத்த அன்று நானும் அம்மாவும் வந்தோம். பேக்கிங் கொட்டகைப் பெண்கள் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும்போது அவர்களில் மூத்தவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

"என்ன இருந்தாலும் அந்த வண்டிய உள்ள விட்டுருக்கக்கூடாது நர்சம்மா. இரும்பு இரும்புதான."

பெரியம்மா வெள்ளைச் சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்கள். நான் எழுந்து, பையிலிருந்த காம்பஸ் பெட்டியைத் திறந்து இந்த ஆணியை மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் காந்தத்தை வைத்தேன். டிக்கென்று ஆணி போய் ஒட்டிக்கொண்டது.

"இதுதான் பெரியம்மா பழைய ஆணி. அக்கா மாட்டல. எங்கிட்ட குடுத்துட்டா."

பெரியம்மா ஆணியைக் காந்தத்திலிருந்து பிடுங்கி, மறுபடி ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். எனக்கிருந்த பயம் அவர்களுக்கும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தார்கள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் அவிழ்த்தார்கள். கரிக்கட்டி போல இரண்டு கம்பிகள், அவற்றோடு உருகிப்போன ரப்பர் அப்பிய தடித்த ஆணிகள் இரண்டு.

காந்தத்தை வைத்தேன். அது உலோகத்தில் மோதிச் சத்தம் வந்தது. கையைத் தூக்கினேன். காந்தம் மட்டும்தான் வந்தது.

"இன்னொருக்க வையி" என்றார்கள் பெரியம்மா.

வைத்தேன். ஒவ்வொன்றிலும் வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. பெரியம்மா என் கையிலிருந்து காந்தத்தை வாங்கி அந்த மூத்த பெண்ணிடம் நீட்டினார்கள். "நீங்களும் வச்சுப் பாருங்க." அவர் வாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியம்மா ஒரு ஆணியை எடுத்து நகத்தால் சுரண்டினார்கள். கரிக்கு அடியில் கீற்றாக மஞ்சள் தெரிந்தது.

"எம்மக சுத்தமாத்தான் உள்ள போயிருக்கா" என்றார்கள். அதுவரை அவர்கள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

குழாயடிப் பேச்சு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. அந்த மூத்த பெண் எங்கள் தெருவுக்கே வந்து, நான் கண்ணால பாத்தேன், பித்தளைதான் என்று சொன்னபிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தீ எப்படிப் பிடித்தது என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பித்தளையைப் பெரியம்மா வைத்துக்கொண்டார்கள். இரும்பை என்னிடமே திருப்பித் தந்தார்கள். அவ உனக்குக் குடுத்ததுதான என்றார்கள்.

செத்தவர்கள் வந்தால் கொலுசுச் சத்தம் கேட்கும், நாய் ஊளையிடும் என்றெல்லாம் வகுப்பில் பிள்ளைகள் கதை சொல்வார்கள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அதுதான், அக்கா, என்னை விடமாட்டேன் என்கிறது. பழைய பேரிங் வண்டியாக இருந்திருந்தால், சத்தம் இல்லை, ஆகவே நீ இல்லை என்று மனதுக்குச் சொல்லிவிடலாம். கட்டைச் சக்கரம் போட்டுக்கொண்ட பிறகு நீ வந்தாலும் இப்படித்தான் இருக்கும். வராவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் வகுப்பில் திரும்பிப் பார்த்தேன். இன்றைக்கு மட்டுமல்ல.

சாயங்காலம் ரயில் கேட்டுச் சரிவில் இறங்கும்போது கூடவரும் பிள்ளைகள் என்னைக் கேலி செய்கிறார்கள். ரோடு அம்புட்டு அகலமா கெடக்கு, நீ ஏன் ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு வார என்கிறார்கள். நான் பெட்டிக்குள் ஆணி உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, என் இடப்பக்கம் ஒரு அடிஸ்கேலும் நாலு விரலும் வழி விட்டு நடக்கிறேன்.