கயாக்கின் பின்சீட்டு

ஜூன் 1, 2025, ஞாயிறு
இடுப்பு வலி. ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது. புது சோனாரைக் கயாக்கில் மாட்டி, கெலாங் பாத்தா பக்கம் ஆற்றில் இறங்கினோம். முன்சீட்டில் இவர் பெடல் மிதித்துத் தூண்டில் வீச, பின்சீட்டில் நான் ஸ்கிரீன் பார்க்க. இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் கிடப்பதை அது படமாகக் காட்டுகிறது. மூழ்கிய மரம், அதன் நிழல், பக்கத்தில் அரிசி மணி போல மீன்கள். எவ்வளவு அழகு! மீன்தான் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஜூன் 8
மறுபடியும் வெறுங்கை. “இடது பக்கம், மரத்தடியில நிக்குதுங்க” என்றேன். பத்துத் தடவை வீசினார். “ஒனக்குப் படம் பாக்கத் தெரியல லா. அடுத்த வாரம் கமலநாதன ஒக்கார வைக்கிறேன்” என்றார்.
எனக்கா தெரியாது? பதினாறு வருசமா ஃபேக்டரியில எக்ஸ்ரே ஸ்கிரீன் முன்னால ஒக்காந்து, சர்க்யூட் போர்டுல முடியளவு விரிசலையும் புடிக்கிறவ நான். இவரோட கூட்டாளிக்குக் கண்ணாடி இல்லாம மெனுவே படிக்க வராது.

ஜூன் 11
பேச்சில்லை. சோறு மட்டும் போட்டேன்.

ஜூன் 15
கமலநாதனுக்கு ஓவர்டைம். வேறு வழியின்றி என்னை அழைத்துப் போனார்.
கிளம்பும்போது படகுத்துறைத் தூண்கள் வலப்பக்கம். ஸ்கிரீனிலோ இடப்பக்கம்! சோனாரின் சென்சாரை இவர் முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறார். சொல்லியிருக்கலாம். ரோஷக்காரர், நாளே கெட்டுவிடும். ஸ்கிரீன் இடது என்றால் நான் வலது என்றேன். இரண்டு சியாக்காப் மீன் மாட்டின. “இப்பதான் ஒனக்குப் பிடிபடுது” என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

ஜூன் 22
மூன்று சியாக்காப். படம் எடுத்துக் கமலநாதனுக்கு அனுப்பினார். “பின்னால என் ஒய்ஃப்தான் இனிமே” என்று போனிலும் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 29
ஸ்கிரீன் நிறைய மீன். தூண்டிலில் ஒன்றுமில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதும், ஏதோ சொல்ல வந்து நிறுத்துவதுமாக இருந்தார். திரும்பும்போது தூண்களைப் பார்த்தேன். இடப்பக்கத் தூண், ஸ்கிரீனிலும் இடப்பக்கமே.
“எப்பங்க திருப்பி மாட்டினீங்க?”
“நேத்து. கழுவுறப்ப பாத்தேன், அம்புக்குறி பின்னால இருந்துச்சு.” பெடலை நிறுத்தினார். “ஒனக்கு எப்பத் தெரியும்?”
“ரெண்டு வாரமா. நான்தான் இடதை வலதுன்னு மாத்திச் சொல்லிட்டு இருந்தேன்.”
“அலமாக்” என்று தலையில் கைவைத்தார். கயாக் ஆட ஆடச் சிரித்தோம்.
சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். காரில் வெகுநேரம் கழித்து, ரோட்டைப் பார்த்தபடியே, “அன்னிக்கு நீ படத்தைச் சரியாத்தான் பாத்திருக்க” என்றார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இவர் என்னிடம் கேட்ட முதல் மன்னிப்பு.