ஓடு என்றிருந்த சொல்

அண்ணை, எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் இல்லைத்தானே? இன்று எங்கள் லிஃப்டுக்குள் யாரோ சீனச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார்கள். சோயா சோஸும் வெங்காயத்தாளும் கலந்த வாசம். இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு மேலே போய்விட்டேன். இதுவும் ஒரு விசர் லிஃப்ட், போன கிழமை பக்கத்துவீட்டு அன்ரியை... சரி, அது வேறு கதை.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் ஹொங்கொங்காரரின் சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, நூடுல்ஸ் அவிக்கும்வரை வந்தீர்கள். அவர்களின் பேச்சும் வந்துவிட்டது. ஒருநாள் பஸ்சுக்கு நிற்கும்போது சொன்னீர்கள்:

"'சௌ' எண்டொரு சொல்லு இருக்கடா. ஆதியில ஓடு எண்டுதான் கருத்தாம், பெரிய குக் சொன்னவர். வடக்குச் சீனாக்காரருக்கு இப்ப அது நட. எங்கட குசினியில ஓடவுமில்லை, நடக்கவுமில்லை. வெங்காயத்தாளோட சேர்த்துச் சொன்னால், வெங்காயத்தாள் இல்லாமல் எண்டு அர்த்தம்."

"ஓடுறது எப்பிடியண்ணை இல்லாமல் ஆகும்?"

"நீ 'சாப்பிட்டுப் போட்டன்' எண்டிறாய். என்னத்தை எங்கை போட்டனி? சொல்லும் கிழடானால் தன்ர வேலையை விட்டிட்டு இன்னொண்டோட ஒட்டிக்கொண்டு கிடக்கும்."

உங்கள் இருதய ஒப்பரேசனுக்குப் பிறகு கடை கைமாறியது. புது முதலாளி வடக்குச் சீனா ஆள். பழைய வேலையைத் திருப்பிக் கேட்க, சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிப்போனீர்கள்.

"முதல்ல சாப்பாட்டைச் சொல்லுவம். என்ர பேச்சைக் கேட்டால் உள்ளுக்குக் கூப்பிடுவினம்."

பரிமாறிய பெட்டையிடம் வெங்காயத்தாள் இல்லாமல் நூடுல்ஸ் கேட்டீர்கள், அந்தச் 'சௌ'வைப் போட்டு, உங்கள் குசினிச் சீனத்தில். அவள் முழித்தாள். திரும்பவும் மெதுவாகச் சொன்னீர்கள். அவள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, மெனுவில் படத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். தொட்டீர்கள். கோப்பை வந்தது, மேலே பச்சையாக வெங்காயத்தாள் குவித்து.

வாசம் பட்டாலே ஓங்காளிக்கிற நீங்கள், அன்று முழுவதையும் தின்றீர்கள்.

"வேலையைக் கேக்கேல்லையோ அண்ணை?"

"எந்த வாயால கேக்கிறது?"

அந்தப் பனிக்காலம் முடிய முன்னமே போய்விட்டீர்கள். பழைய குசினி ஆட்கள் எங்கே சிதறினார்களோ, செத்தவீட்டை யாருக்கு அறிவிப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்று அந்தக் கடையிலிருந்து திரும்பும்போது பஸ் கண்ணாடியைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சீனமா தமிழா என்று நான் கேட்கவில்லை. இப்போது எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். விளங்கித்தான் ஆட்டுகிறார்களா என்று கேட்கப் பயம். இதைக்கூட வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன். மருமகள் அறைக்கு வெளியே நின்று கூப்பிடுகிறாள்.

"மாமா, தனிய ஆரோட கதைக்கிறியள்? வாங்கோ, சாப்பாடு ஆறுது."

வாறன் பிள்ளை. அண்ணை, நான் சொல்ல வந்தது என்னவென்றால், அன்று பஸ்சில் நீங்கள் வாய்க்குள் சொன்னது...