வெதர்ஸ்லாக் என்ற பெயர்

அன்பு மகளே,

கல்யாணத்துக்குப் பிறகும் வெதர்ஸ்லாக் என்ற நம் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளலாமா, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். செம்மறிகள் பனிக்காற்றுக்கு ஒதுங்கும் பள்ளம் என்று அர்த்தம். நம் வீட்டுக்கு மேலே இருக்கிறதே, அதேதான்.

கோமாரி நோய் வந்ததால் அரசாங்க ஆட்கள் நம் மந்தை முழுவதையும் சுட்டுக் கொன்று எரித்துவிட்டார்கள். திரைச்சீலையில் புகை வாசம் இன்னும் போகவில்லை.

"புதுசா வாங்கி விடுப்பா, ஆடா கிடைக்காது?" என்றான் பக்கத்துப் பண்ணை ஐசக்.

"மலைக்கு வேலியா இருக்கு? புது ஆடு கண்ட பக்கம் போயிடும். எங்க ஒதுங்கணும்னு தாய் ஆடுதான்டா குட்டிக்குக் காட்டும். இப்ப எந்தத் தாய் இருக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பள்ளத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. நீ மாப்பிள்ளையின் ஸ்மித் என்ற பெயரையே வைத்துக்கொள். தெருவுக்கு நாலு ஸ்மித் இருப்பார்கள். பரவாயில்லை, அந்தப் பெயராவது இருக்கும்.

உன்
அப்பா