ஏழு சீட்டா, ரெண்டு சீட்டா

மார்ச் 3, செவ்வாய்

வண்டி இன்று போய்ச் சேர்ந்தது. பதினேழு வருடம் உழைத்த வண்டி. போயும் போயும் எங்கள் அலுவலக வாசலில், லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்தவர்கள் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, நடுவழியில் படுத்துக்கொண்டது. நான்கு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். டெஸ்ட் எடுக்கிறவனின் வண்டியைத் தள்ளினால் பாஸ் போட்டுவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். அதில் இரண்டு பேரை மத்தியானம் ஃபெயில் போட்டேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்கு மேல இதைப் படுத்தாதீங்க" என்றான்.

புது வண்டி வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. பதினாலு மாதம் ஆகியும் இந்த மறதி போகவில்லை. மகள் பிரசவத்துக்குப் போனவள் என் மனைவி. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பெட்டியைத் தூக்கினாள்.

மார்ச் 7, சனி

ஷோரூம். விற்பனைப் பெண்ணின் முதல் கேள்வியே, "ஃபேமிலில எத்தனை பேர் சார்?"

யோசிக்காமல் "அஞ்சு" என்றேன். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேத்தி. பொய் இல்லையே?

ஏழு சீட்டு வண்டியைக் காட்டினாள். வெள்ளை. ஆறு ஏர்பேக், பின்னால் கேமரா, குழந்தை சீட்டை மாட்டக் கொக்கி. ஒரு குறை சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தேன். மெத்தையில் சாய்ந்துகொண்டு அலுவலக ஃபைல் படிப்பது மாதிரி இருந்தது. முன்னால் நானும் அந்தப் பெண்ணும். கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் ஐந்து சீட்டும் காலியாகத் தெரிந்தன. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத்தான் கண்ணாடி. எனக்கு அது தெரியாதா?

"வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க சார். ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும்" என்றாள். நல்ல பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை போன். மனைவி சொன்னாள், "பெரிசா வாங்குங்க. நாங்கல்லாம் வந்தா இடம் வேணும்ல."

"எப்ப வரீங்க?"

"பாப்போம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கணும். பாப்பாவுக்குச் சளி விடணும்."

பாப்பாவுக்குப் போன மாதமும் சளி. அதற்கு முந்தின மாதமும் சளி.

பிறகு மகள் போனை வாங்கி, குழந்தையிடம், "தாத்தா எங்க? தாத்தா எங்கடி?" என்றாள். குழந்தை விரலை நீட்டி போனைத் தொட்டுக் காட்டியது. அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தட்டில் இருந்த சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

இன்று பதினொரு பேர், ஏழு பாஸ். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். டிரைவர் மூன்று இடத்தில் இண்டிகேட்டர் போடவில்லை.

மார்ச் 14, சனி

ஒரு பல் டாக்டர் தன் வண்டியை விற்கிறார் என்று என் சகா சொன்னான். எங்கள் அலுவலகத்தில் டெஸ்ட் எடுப்பது நாங்கள் இரண்டே பேர்தான். சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். சும்மாதான்.

கரும்பச்சை. இரண்டு கதவு, இரண்டே சீட்டு. இடுப்பளவு உயரம்கூட இல்லை. டாக்டர் அதன் மேல் கையை வைத்தபடியே பேசினார். "எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க பொறந்திருக்கு சார். இதுல எங்க கொண்டுபோய் வைக்கிறது? வீட்ல நேரா சொல்லிட்டாங்க. ஒண்ணு இது, இல்ல நாங்க." அவர் எடுக்கப்போவது நான் ஓட்டிப் பார்த்த அதே வெள்ளை வண்டி. அவருக்கு வீடு நிறைகிறது, அதனால் விற்கிறார். நான் எதனால் வாங்க வந்திருக்கிறேன் என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

சாவியைக் கொடுத்தார். முப்பது வருடமாக நான் உட்கார்ந்திருப்பது பக்கத்து சீட்டில். யாரோ ஒருவர் பயந்து பயந்து, இருபதில் உருட்டுவார். மடியில் தாளை வைத்துக்கொண்டு தப்பை எண்ணுவேன். இன்று ஊர் தாண்டி ரோடு நேரானதும் டாக்டர், "மிதிங்க சார்" என்றார். மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஏதோ ஒரு சத்தம் கேட்டது. நான்தான் சிரித்திருக்கிறேன்.

"இந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க சார்" என்றார் டாக்டர்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் சீட்டே இல்லை, ரோடுதான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

மார்ச் 17, செவ்வாய்

முடிவெடுக்கத் தெரியாத ஆளாகிவிட்டேன். பத்து நிமிடத்தில் ஒருத்தன் வண்டி ஓட்ட லாயக்கா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிறவன்!

ஏழு சீட்டை வாங்கினால் அவள் வருவாள் என்று நம்பிக்கொண்டே வருடக்கணக்கில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு சீட்டை வாங்கினால் வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வண்டி வாங்குவதில் இவ்வளவு இருக்கிறதா? மற்றவர்கள் மைலேஜ் பார்த்து வாங்குகிறார்கள்.

சகா விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அண்ணே, அந்தப் பச்சை வண்டில ஏறிடுவீங்க. இறங்குறதுக்கு யாராவது ரெண்டு பேர் வேணுமே!"

மார்ச் 22, ஞாயிறு

இன்று போனில் மனைவி நடுவே சாதாரணமாகச் சொன்னாள். "மாப்பிள்ளை பெரிய வண்டி எடுத்திருக்காரு. ஏழு சீட்டு. பாப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது, கடைக்குப் போறது எல்லாம் நான்தான் ஓட்டுறேன்."

"நீயா? லைசென்ஸ்?"

"வாங்கிட்டேன். நாலு மாசமாச்சு. முதல் தடவையே பாஸ்."

நாலு மாதம். பதினாறு ஞாயிற்றுக்கிழமை போன். ஒன்றில்கூடச் சொல்லத் தோன்றவில்லையா? கேட்டேன். "சொன்னா கேள்வி கேப்பீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

டெஸ்ட் எடுத்தவரைப் பற்றியும் சொன்னாள். "உங்கள மாதிரியேதான், வாயத் தொறக்கல. கடைசில மட்டும், நல்லா ஓட்டுறீங்கம்மான்னாரு."

மார்ச் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் எங்கள் அலுவலகத்துக்கே டெஸ்டுக்கு வந்தாள். சகாதான் அவளுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டியது. அவனுக்கு அன்று தங்கை கல்யாணம், லீவு. இன்னொரு நாள் வா என்று அனுப்பியிருக்கலாம். "நானே எடுக்கிறேன்" என்றேன். எனக்கு என்ன திமிர்! வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, பெண்டாட்டி பக்கத்தில் தாளோடு உட்கார்ந்தேன். அழகாக ஓட்டினாள். கிளம்பும்போது மட்டும் கண்ணாடியைக் கண்ணால் பார்த்தாள், தலையைத் திருப்பவில்லை. அதே மாதிரி செய்த நூறு பேருக்குப் பாஸ் போட்டிருக்கிறேன். அவளுக்கு ஃபெயில் போட்டேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு வாய் பேசக் கூடாதாம்!

அதோடு விட்டேனா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னேன். "என் பெண்டாட்டியையே ஃபெயில் போட்டவன்யா நான்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சிரிப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பயந்த சுபாவம் என்று நானே அதற்குப் பெயரும் வைத்தேன்.

என்ன ஆளடா நீ.

மார்ச் 29, ஞாயிறு

இன்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். வாயில் வந்ததோ வண்டி. ரெண்டு வண்டியையும் விவரமாகச் சொல்லி, "ஏழு சீட்டா, ரெண்டு சீட்டா? நீயே சொல்லு" என்றேன். நான் கேட்டது வேறு என்று அவளுக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள்.

அங்கே குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க" என்றாள்.

"நீங்கல்லாம் வந்தா?"

"இங்கதான் ஏழு சீட்டு இருக்குல்ல."

சட்டையிலிருந்து சோபா வரை, உங்களுக்குப் பிடித்ததை வாங்குங்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக ஆயுள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். கிடைத்துவிட்டது. அவள் வரப்போவதில்லை.

ஏப்ரல் 4, சனி

பச்சை வண்டியை வாங்கிவிட்டேன். டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மூன்றாவது கியரில் அது போடும் சத்தம் இருக்கிறதே — எழுத வரவில்லை. ஒரு மணி நேரம் உலகத்தில் ஒரு கவலை இல்லை. பிறகு ஒரு கடையில் நிறுத்தி டீ வாங்கினேன். டீக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "தனியாவா சார் வந்தீங்க?" என்றார். பக்கத்து சீட்டு காலியாக இருப்பது அவருக்கே தெரிகிறது. இருந்தாலும் அந்தக் கேள்வியோடு டீ ஆறிப்போயிற்று. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மதியச் சாப்பாட்டின்போது சகாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அவன் தங்கை கல்யாணத்தன்று நடந்தது உட்பட. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, இங்க ஏழு சீட்டு இருக்குன்னு அவங்க சொன்னாங்கல்ல. அது கதவச் சாத்துற பேச்சா தெரியலையே. உங்களைத்தானே வரச் சொல்லியிருக்காங்க?"

பதினாலு மாதத்தில் "நீ எப்ப வர" என்று கேட்டிருக்கிறேனே தவிர, "நான் வரட்டுமா" என்று ஒருமுறை கேட்டதில்லை. அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. லீவு எடுத்தால் டெஸ்ட் தள்ளிப்போகும், வீட்டைப் பூட்டிப் போட முடியாது — காரணத்துக்கா பஞ்சம்?

சாயங்காலம் நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 18, சனி. மகள் வீட்டில்.

நேற்று வந்து சேர்ந்தேன். மனைவி கேட்டுக்கு வெளியே நின்று பச்சை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இதுல யாரு ஏறுவா?" என்றாள். சொல்லிவிட்டு, அவளே குனிந்து ஏறி, கதவைத் திறந்து வைத்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். "பிடிச்சுதானே வாங்கினீங்க?"

"ஆமா."

"அப்ப சரி."

இன்று பேத்திக்குச் செருப்பு வாங்க எல்லோரும் கிளம்பினோம், பெரிய வண்டியில். மனைவி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை முன் கதவைத் திறந்து, "மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க" என்றார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"இல்ல மாப்பிள்ளை, நீங்க உக்காருங்க" என்று சொல்லிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து ரோடும் தெரியவில்லை, மீட்டரும் தெரியவில்லை. அவள் பின்னந்தலைதான் தெரிந்தது. நிறைய நரைத்திருக்கிறது. போனில் இது தெரிந்ததே இல்லை.

பாதி வழியில் மாப்பிள்ளை விளையாட்டாகத் திரும்பி, "மாமா, அத்தை எப்படி ஓட்டுறாங்க? பாஸா?" என்றார். மகள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"எனக்கு எங்க தெரியுது? நான் வேடிக்கை பாத்துட்டு வரேன்" என்றேன்.

சிறிது தூரம் போன பிறகு மனைவி, "பின்னாடி ஏசி வருதா?" என்று கேட்டாள். வருது என்றேன்.

கடை வாசலில் மற்றவர்கள் முன்னால் போனார்கள். அவள் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இன்னும் பத்தொன்பது வருடம் ஆகும் என்று தோன்றியது.

"அன்னிக்கு உன்னை ஃபெயில் போட்டது தப்பு. நீ நல்லாதான் ஓட்டின" என்றேன்.

பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். "தெரியும்" என்றாள். பிறகு, "நான் இப்போதைக்கு அங்க வர முடியாதுங்க. பாப்பா வளரணும்."

"நான் மாசாமாசம் வரேன்."

"லீவு கொடுப்பாங்களா?"

"கேக்கணும்."

செருப்பு வாங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மாப்பிள்ளை முன் கதவைத் திறக்கப் போனார். "நீங்க பாப்பாவோட உக்காருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மனைவி முன் சீட்டிலிருந்த தன் பையை எடுத்துப் பின்னால் கொடுத்தாள். நான் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை என் பக்கத்து ஜன்னல் வழியாகக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.