பெட்டிக்குள் அடங்காத அக்காவுக்கு

என் ஆசை மெர்சி அக்காவுக்கு,

நான் இளைத்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தவள் இப்போது எழுபத்தொன்று. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நீ எதிரே வந்தால் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவாய். இல்லையென்றால் நின்று, "இன்னாடி, எதுனா சீக்கா?" என்று கேட்பாய்.

சீக்கு இல்லை அக்கா, ஆபரேஷன். வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான்.

ஏன் செய்துகொண்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சுகர், முட்டி வலி என்று சொல்லிவைத்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். உன்னிடம் அந்தக் கதை செல்லாது. உன்னை அடக்கம் பண்ணிய மத்தியானம்தான் நான் முடிவெடுத்தேன்.

அந்த நாளைப் பற்றி உனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நானே சொல்கிறேன்.

எளாவூரில் உன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது. உன்னை அதில் இறக்கினார்கள், தோள் இறங்கவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள். கையை நெஞ்சுமேல் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெடிமேட்ல இதுக்கு மேல சைஸ் இல்லமா. புதுசாத்தான் அடிக்கணும்" என்றார். புதுப் பெட்டி வர மூன்று மணி ஆனது. அதுவரை உன்னைப் பாயில் கிடத்தி மேலே ஒரு போர்வையைப் போட்டுவைத்தோம். வந்தவர்கள் உன்னை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் போனில் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது. "இன்னும் எடுக்கலபா. பீரோ மாதிரி ஒண்ணு செஞ்சிகினு வராங்க."

கல்லறைத் தோட்டத்தில் அதைவிட மோசம். பாதி இறங்கியதும் பெட்டி குழியில் சிக்கிக்கொண்டது. பாஸ்டர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார். கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார்கள். கால் பக்கம் தூக்கி, தலைப் பக்கம் சரிந்தது. உள்ளே நீ நகர்ந்த சத்தம் கேட்டது. யாரோ 'க்ளுக்' என்று சிரித்துவிட்டு இருமினார்கள். குழி வெட்டுகிறவர், "முன்னாடியே சொல்லக் கூடாதா? அளவு பாத்து வெட்டியிருப்பேன்ல" என்று கோபமாகச் சொல்லிவிட்டுத் திரும்ப மண்வெட்டியை எடுத்தார். உன் புருஷன் டேனியல் மாமா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உன் மகள் எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

எனக்குப் பின்னால் ஒரு பொம்பளைக் குரல் தாழ்ந்த சத்தத்தில் சொன்னது: "அந்த அகலத்துக்கே பக்கத்துல இன்னொன்னும் வெட்டிட்டா, தங்கச்சிக்கும் ஆவும்."

நான் அன்றைக்கு உனக்காக அழவில்லை அக்கா. எனக்குச் சாகப் பயமில்லை. இப்படிப் புதைக்கப்படத்தான் பயந்தேன்.

நமக்கு இந்தப் பேச்செல்லாம் புதுசா என்ன? சிப்காட்டில் கார் வயரிங் கம்பெனியில் ஒரே மேஜையில் பன்னிரண்டு வருஷம் எதிரெதிரே நின்று வயர் கட்டினோம். கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாம் இரண்டு பேர். நாம் ஏறியதும் டிரைவர், "ரெண்டு டேங்கரும் ஏறிடுச்சி, போலாம் ரைட்" என்பார். நீதான் முதலில் சிரிப்பாய். நாமே சிரித்துவிட்டால் அவர்கள் சிரிப்பு குறையும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான். அது குறையவே இல்லை என்பதை நாம் இரண்டு பேரும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை.

நீ போன ஏழாவது மாதம் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்ப் பெயர் கொடுத்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "இது மந்திரம் இல்ல. வாந்தி வரும், முடி கொட்டும், ஆயுசு முழுக்க சத்து மாத்திரை போடணும். மயக்க மருந்துல உயிருக்கே ஆபத்து வரலாம். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டார். போட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் கத்தினாள். "ஒருத்திய குழில போட்டாச்சு. நீ அறுத்துகினு சாவப் போறியா?" அப்புறம் என்னை மேலிருந்து கீழே பார்த்து, "சரி போ. இருந்தாலும் இப்டியேதான இருக்கப் போற" என்றாள். முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாத மகளுக்கு அவள் கொடுத்த ஆசீர்வாதம் அது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஆகாரம். ஈரலில் படிந்த கொழுப்பு குறைந்தால்தான் உள்ளே வேலை செய்ய இடம் இருக்குமாம். மோர், பருப்புத் தண்ணீர், ஒரு பவுடர். ஐந்தாம் நாள் கம்பெனி கேண்டீனில் சாம்பார் வாசனை வந்தபோது வயரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். எதிரே உன் இடத்தில் இப்போது ஒரிசாக்காரப் பெண் நிற்கிறாள். பாவம், ஷாக் அடித்துவிட்டதோ என்று பயந்து மெயினை அணைத்துவிட்டாள். லைன் முழுக்க நின்றுபோனது. நீ இருந்திருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்திருப்பாய்.

கண்விழித்தபோது வயிற்றில் ஐந்து ஓட்டை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து ஊற்றும் சின்ன மூடியில் தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு சொட்டாகக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு சொட்டு கூடப் போனாலும் நெஞ்சுக்குள் கல்லை வைத்து அழுத்துவது போல் இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடிக்கிற நம் வீட்டில் பிறந்தவள், ஒரு மூடித் தண்ணீருக்குப் பயந்து படுத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே நடக்கவைத்தார்கள். காலில் இறுக்கமான சாக்ஸ் மாட்டினார்கள். நர்ஸ் வந்து வயிற்றுத் தோலில் சின்னதாக ஒரு ஊசி போட்டாள். எதற்கு என்று கேட்டேன்.

"கால்ல ரத்தம் கட்டாம இருக்கறதுக்குமா."

"எல்லாருக்கும் போடுவீங்களா சிஸ்டர்?"

"உங்கள மாதிரி வெயிட் இருந்தா கட்டாயம் போடணும். கட்டி நுரையீரலுக்குப் போயிடுச்சின்னா ஆள் காலி."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எறும்பு கடித்தது போலக்கூட இல்லை அக்கா. அவ்வளவு சின்ன ஊசி.

உனக்கு இடது கால் மட்டும் வீங்கியது. கெண்டைச் சதை சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாய். பக்கத்து கிளினிக்குக்குப் போனாய். அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "வெயிட்ட குறைச்சிட்டு வாங்க, எல்லாம் சரியாப் போவும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். டேனியல் மாமாவின் பஞ்சர் கடை எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அவருக்கு உன் காலைப் பார்க்க நேரமில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமை நீ எனக்குப் போன் செய்தாய்.

"ஜெயா, மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம், நாளைக்கு வர்றியா? டிரெயின்ல தனியா ஏற பயமாக்கீதுடி."

"எனக்கு ஓவர்டைம் இருக்குக்கா" என்றேன்.

ஓவர்டைம் இல்லை. நீயும் அதே கம்பெனிதானே, உனக்குத் தெரியாதா? தெரிந்தும் "சரிடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாய்.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாயா? அதற்கு முந்தின மாதம் நாம் டிரெயினில் போனோமே, மீஞ்சூரில் ஏறிய காலேஜ் பெண்கள் நம் இரண்டு பேரையும் செல்போனில் படம் எடுத்துச் சிரித்தார்களே. தனியாகப் போனால் நான் ஒரு குண்டுப் பொம்பளை, அவ்வளவுதான். உன்னோடு போனால் வேடிக்கைப் பொருள். உன் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. நம்மைப் பார்த்துச் சிரித்த எவரையும்விட நான்தான் உன்னைக் கேவலமாகப் பார்த்தேன்.

புதன்கிழமை நீ லைனிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "கால் வீங்கினப்ப யாரும் ஸ்கேன் எடுத்துப் பாக்கலயா? கூட யாரும் இல்லயா இவங்களுக்கு?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது நான் நாற்பத்தேழு கிலோ குறைவு. முடி பாதிக்குப் பாதி கொட்டிவிட்டது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. அவசரத்தில் அரை வடை தின்றால் கேண்டீன் வாஷ்பேசினில் நிற்க வேண்டியதுதான். ஆனால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பன்னிரண்டு வருஷமாக "ஏம்மா" என்று கூப்பிட்ட சூப்பர்வைசர் "ஜெயராணி மேடம்" என்கிறார். பஸ் டிரைவர் நான் ஓடிவருவதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறார். மனுஷர்கள் நல்லவர்கள் அக்கா. நாற்பத்தேழு கிலோவை அறுத்துக் கொடுத்தால் மரியாதை கொடுத்துவிடுகிறார்கள்.

உன் புருஷனும் கொடுத்தார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு கிலோ ஜாங்கிரியோடு வீட்டுக்கு வந்தார். வயிறு இல்லாதவளுக்கு ஜாங்கிரி! அம்மாவிடம்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"அத்த, எஸ்தருக்கு ஒரு அம்மா வேணும். ஜெயாவும் இப்ப பாக்குற மாதிரி ஆயிட்டா. வெளில எதுக்குத் தேடணும்?"

அம்மா முகம் அப்படியே மலர்ந்தது. நான் கேட்டேன், "அக்கா போயி ஒன்றர வருஷம் ஆச்சி மாமா. நானும் இதே ஊட்லதான கீறேன். முன்னாடி ஏன் கேக்கல?"

"இன்னா ஜெயா, தெரியாத மாதிரி கேக்குற. அப்ப நீயும் அவள மாதிரிதான இருந்தே. திரும்பவும் அதே பேஜாரா?"

கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. டயர் மாற்றுகிறவர் டயரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எழுந்து போ மாமா" என்றேன். ஜாங்கிரிப் பெட்டியையும் கையில் கொடுத்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவருக்குப் பொதட்டூர்பேட்டையில் ஒரு பெண் அமைந்துவிட்டது. ஒல்லியான பெண்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், "வர்றவளுக்குச் சங்கடமா இருக்கும்" என்று எஸ்தரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார். இரண்டு பை, ஒரு ஸ்கூல் பேக். பதிமூன்று வயது. உன் கன்னம், உன் தோள், உன் கை. வரும்போதே யூனிஃபார்ம் அக்குளில் கிழிந்திருந்தது.

சந்தோஷப்படுகிறாயா? படாதே. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம் இனிமேல்தான் வருகிறது.

போன திங்கட்கிழமை சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டினாள். எனக்கு ஒன்று போதும், ஒன்றுக்கு மேல் முடியாது. பசியும் இல்லை, பொறாமையா என்றும் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"போதும்டி. உங்கம்மா மாதிரி பொட்டிக்குள்ள போவாம நிக்கப் போறியா?"

அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் எழுந்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு தோசைதான். நான் அவள் பக்கம் திரும்புவதற்குள், "போதும் சித்தி" என்று சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். முந்திக்கொண்டு.

மயக்க மருந்து கொடுத்து அத்தனை பேர் சேர்ந்து என் வயிற்றை வெட்டினார்கள். இந்த நாக்கை விட்டுவிட்டார்களே அக்கா.

நேற்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் என்னிடம் கேட்டாள். "சித்தி, அம்மா குண்டா இருந்ததாலதான செத்துச்சி?" அவளிடம் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் அப்பா, அவள் பாட்டி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் மறுத்துச் சொல்லவில்லை. "மடி, மடி" என்று துணியை அவள் பக்கம் தள்ளினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன். உன் காலைத் தொட்டுப் பார்க்காத டாக்டரைப் பற்றிச் சொல்வேன். ஸ்கேனைப் பற்றியும், அந்தச் சின்ன ஊசியைப் பற்றியும் சொல்வேன். நீ கூப்பிட்டதையும், இல்லாத ஓவர்டைமையும் சொல்வேன். உன்னோடு நிற்க வெட்கப்பட்டேன் என்பதையும் அதே வார்த்தையில் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் என்னோடு பேசாமல் போகலாம். பையைத் தூக்கிக்கொண்டு எளாவூருக்கே திரும்பிப் போகலாம். போகட்டும். அவள் வெறுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும், அவள் உடம்பாக வேண்டாம்.

இதைச் செய்துவிடுவேன் அக்கா. இது சத்தியம்.

கூப்பிட்டும் உன்னோடு வராத தங்கச்சி,
ஜெயா